மேலே தணல், கீழே தணல்: அடுப்பங்கரைக் கேள்வி–பதில்

நத்தார் நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேக்கைப் பற்றித்தான். "மா இருக்கு, சீனி இருக்கு, சாமான்தான் இல்லை" என்ற ஒரே குறையை வேறு வேறு கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அரசியல், சினிமா, கிரிக்கெட் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். இன்று அடுப்பங்கரை மட்டும்.

கேள்வி: தீபாவளி முற்பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன். மின்சாரப் போறணை வாங்கித் தா என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாங்கலாமா?
(தலவாக்கலை வாசகி)

பதில்: இந்த வருடம் வேண்டாம் அக்கா. முற்பணம் என்பது மாதாமாதம் சம்பளத்தில் கழியப்போகும் கடன். 1,500 வாற்று போறணை ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒன்றரை அலகு மின்சாரம் போகும். அதைவிடப் பெரிய கவலை வயர். பழைய லயத்து இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்று மின்வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் செருகவே கூடாது. மகளிடம் இதைச் சொல்லுங்கள்: போறணை செய்வது மூன்றே வேலை. சூட்டை அடைத்து வைக்கும், மேலும் கீழும் சமமாகக் கொடுக்கும், ஒரே அளவில் நிறுத்தும். முதல் இரண்டையும் வீட்டில் இருக்கும் பானை செய்துவிடும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். ரொட்டிக்கு வாங்கிய கோதுமை மா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அடுத்த பதிலை அவளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தப் பானைப் போறணையை எப்படிச் செய்வது? விறகடுப்புத்தான் இருக்கிறது.
(ஹட்டன் வாசகி)

பதில்: விறகடுப்பு இருப்பது குறையல்ல, வசதி. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில்தான் நேரத்துக்கு ரொட்டி வெந்தது.

அடி கனமான பெரிய பானை ஒன்றை எடுங்கள். கழுவிக் காயவைத்து, வறுத்து ஈரம் போக்கிய ஆற்று மணலை உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மணல் இல்லையென்றால் கல்லுப்பு. அதன்மேல் ஒரே உயரமான மூன்று செங்கல் துண்டுகள், அல்லது தடித்த கம்பியை வளைத்துச் செய்த வளையம். பீலிப் பக்கத்தில் கிடக்கும் கல்லை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும்.

மூடிதான் இந்தப் போறணையின் உயிர். அலுமினிய மூடிமேல் நேராகத் தணல் கொட்டக்கூடாது. அலுமினியம் 660 பாகையில் உருகும். ஊதிவிட்ட கரித்தணல் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ரொட்டி சுடும் இரும்புக் கல்லை எடுத்துப் பானையின் வாயை மூடுங்கள். பானையைவிடக் கல் ஒரு விரல் அகலமாக இருந்தால் நல்லது. அந்தக் கல்லின்மேல்தான் தணல். சிரட்டைக் கரி நல்லது. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து கொண்டுவந்து காயவைத்த தேயிலை விறகின் தணலும் நின்று எரியும்.

இனி அளவு. ஒரு பங்கு தணல் கீழே என்றால் இரண்டு பங்கு மேலே. புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கீழே விறகைத் திணித்து எரியவிட்டு, மேலே ஏதோ பேருக்கு நாலு துண்டு வைக்கிறார்கள். அடி கரிந்து, மேல் பச்சையாக நிற்கும். கீழே தீ நாக்கு எழவே கூடாது, கனிந்த தணல் மட்டும் இருக்க வேண்டும். மேலே தணல் இருப்பதில் இன்னொரு நன்மை, மூடியின் உட்புறம் நீர் கோத்துக் கேக்கின் தலையில் சொட்டாது.

கேக் வைப்பதற்கு முன் வெறும் பானையைக் கால் மணித்தியாலம் சூடேற விடுங்கள். கேக் பாத்திரத்தைச் சுற்றிப் பானைக்குள் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் ஓடும் சூடான காற்றுத்தான் கேக்கை வேக வைக்கிறது. முதல் அரை மணித்தியாலம் மூடியைத் தூக்காதீர்கள். சிங்கள வீடுகளில் பிபிக்கன் சுட்டதும், பழைய அப்பக்கடைகளில் மூடிமேல் தணல் வைத்ததும் இதே முறைதான். யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, நாம் மறந்து வைத்திருந்தோம்.

கேள்வி: குக்கரில் கேக் சுடலாம் என்கிறார்களே?
(கொட்டகலை வாசகி)

பதில்: சுடலாம். ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், அடியில் மணல் பரப்பி, சிறு தீயில். ஆனால் பழைய குக்கரில் மட்டும். அப்படி வெறும் சூட்டில் காய்ந்த குக்கரை மறுநாள் பருப்பு வேக வைக்க எடுக்காதீர்கள். அழுத்தத்துக்கு அதை இனி நம்ப முடியாது.

கேள்வி: கேக் டின் விலை கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் பால்மா டின், டின்மீன் டின், பெயின்ட் வாளி, கூரை மாற்றியபோது மிஞ்சிய தகரம் எல்லாம் கிடக்கிறது. எதில் சுடலாம்?
(பொகவந்தலாவை வாசகர்)

பதில்: அண்ணே, உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகளின் பழைய சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. வட்டமோ சதுரமோ, பிளாஸ்டிக் பிடியோ ரப்பரோ இல்லாததாக இருந்தால் அதைவிட நல்ல கேக் பாத்திரம் கடையிலும் இல்லை. அடுத்தது சோறு வடிக்கும் சின்ன அலுமினியச் சட்டி.

பால்மா டின், கட்டிப்பால் டின் இரண்டையும் எடுக்கலாம், மூன்று நிபந்தனையோடு. முழுக்கத் தகரமாக இருக்க வேண்டும், உடலில் அட்டை கலந்தது கூடாது. உள்ளே துருவோ கீறலோ இருக்கக்கூடாது. சுற்றிலும் அடியிலும் ஒயில் பேப்பர் போட்டே மா ஊற்ற வேண்டும். காரணம் இதுதான்: உணவு டின்களின் உட்பூச்சு, தொழிற்சாலையில் டின்னை அவிக்கும் 121 பாகைச் சூட்டை மனதில் வைத்துப் பூசியது. நாம் கேக்குக்குக் கொடுப்பது 170, 180 பாகை. தகரத்தின்மேல் பூசிய வெள்ளீயம் 232 பாகையில் உருகும். ஆகவே வெறும் டின்னை அடுப்பில் காயவிடாதீர்கள். டின்மீன் டின்னை நான் சுட எடுக்க மாட்டேன். பூச்சு ஒரு பக்கம், கழுவக் கழுவப் போகாத வாடை மறுபக்கம்.

கூரைத் தகரம் கூடவே கூடாது. அதன் பளபளப்பு துத்தநாகப் பூச்சு. தேசிக்காய்ப் புளியோ அன்னாசியோ பட்டால் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். பெயின்ட் வாளியைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டத்தில் இதுதான் பெரிய ஆபத்து. மருந்து டின், மருந்துக் கலன், எண்ணெய் பீப்பாய். "ஏழு தண்ணியில் கழுவிட்டோம்" என்று யார் சொன்னாலும் சரி, களைக்கொல்லி இருந்த கலனில் உணவு சம்பந்தப்பட்ட எதையும் செய்யாதீர்கள். மா அளக்கும் குவளையாகக்கூட அது வீட்டுக்குள் வரக்கூடாது. பழைய சாமானை எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது முன்பு எதைச் சுமந்தது என்பதுதான். பதில் தெரியவில்லையென்றால் எடுக்காதீர்கள்.

கேள்வி: டவுனில் ஒருவர் தகரத்தில் கேக் தட்டு அடித்துத் தருகிறார். வாங்கலாமா?
(மஸ்கெலியா வாசகி)

பதில்: மூலையை எப்படிப் பூட்டுகிறார் என்று பாருங்கள். ஈயம் வைத்துப் பற்றினால் வேண்டாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகையிலேயே இளகும், அது கேக் வேகிற சூட்டை ஒட்டியதுதான். ஈயம் சாப்பாட்டில் கலந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். "பற்று வைக்காமல், விளிம்பை மடித்துத் தட்டிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கு அது சிரமமே இல்லை. கூரைத் தகரம் வேண்டாம், பூச்சில்லாத இரும்புத் தகடு அல்லது அலுமினியத் தகடு என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: கொழும்பில் இருக்கும் அக்கா செய்முறை அனுப்பினாள். அவளுக்கு மெத்தென்று வருகிறது. எனக்கு நன்றாக எழும்பி, பிறகு நடுவில் குழி விழுகிறது. எனக்குக் கைராசி இல்லையா?
(நுவரெலியா வாசகி)

பதில்: உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. காற்றுத்தான் வேறு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக உங்கள் வீட்டில் நேரம் எடுப்பதும் இதனால்தான்.

கேக்கில் நடப்பது என்ன? பேக்கிங் பவுடர் விடும் வாயுவை அமுக்கிப் பிடிக்க அங்கே காற்றுக்குப் பலம் குறைவு. குமிழ்கள் வேகமாக ஊதுகின்றன. மா வெந்து இறுகும் முன்பே அவை வெடித்துவிட, தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி உட்கார்ந்துவிடுகிறது. அக்காவின் செய்முறையில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றால் நீங்கள் முக்கால் போடுங்கள். ஒரு கோப்பை சீனிக்கு ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள். ஒரு கோப்பை பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள், மலைக்காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடும். சூட்டை ஒரு 10 பாகை ஏற்றுங்கள், கேக் சீக்கிரம் இறுகட்டும். ஹட்டன் 1,270 மீற்றர் அளவுதான், அங்கே இருப்பவர்களுக்கு இதில் பாதி மாற்றம் போதும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மலைநாட்டு வீட்டுக்கு எந்தக் கருவியையும்விட முதலில் தேவைப்படுவது இந்தத் தாள்.

கேள்வி: செய்முறையில் "250 கிராம்" என்று இருக்கிறது. தராசு இல்லை. டம்ளரில் அளந்தால் ஒருநாள் சரி, ஒருநாள் பிழை.
(நோர்வூட் வாசகி)

பதில்: டம்ளர் மாவுக்கு ஏமாற்றும். அள்ளிப் போட்டால் ஒரு எடை, தட்டி அமுக்கினால் வேறொரு எடை. தராசு செய்துவிடுவோம், ஒரு பின்னேரம் போதும்.

இரண்டு அடி நீளமான நேரான குச்சி. நட்டநடுவில் துளையிட்டு நூல் கட்டித் தொங்கவிடுங்கள். இரு முனையிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறி, ஒரே அளவான இரண்டு டின் மூடிகளை ஒவ்வொன்றுக்கும் மூன்று நூல் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கக் குச்சியில் மெழுகுவர்த்தி மெழுகை உருட்டி ஒட்டிச் சமப்படுத்துங்கள். தராசு உண்மை சொல்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு தட்டிலும் பண்டம் வைத்துச் சமமாக நின்ற பிறகு, இரண்டையும் இடம் மாற்றுங்கள். அப்போதும் சமமாக நின்றால் தராசு நேர்மையானது. சாய்ந்தால் கைகளின் நீளம் பிசகு.

எடைக்கல்லுக்கு எங்கே போவது? தண்ணீர் இருக்கிறதே. ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம். 250 கிராம் வேண்டுமானால், அளவு போட்ட பாணி மருந்துக் குவளையால் 250 மில்லிலீற்றர் தண்ணீரை ஒரு பொலித்தீன் பையில் ஊற்றி முடிந்து ஒரு தட்டில் வையுங்கள்.

இன்னும் நல்ல செய்தி, பட்டர் கேக்குக்கு எடைக்கல்லே வேண்டாம். நாலு முட்டையை ஓட்டோடு ஒரு தட்டில் வையுங்கள். மறுதட்டில் அது சமமாகும்வரை பட்டர் அல்லது மாஜரின். அதை எடுத்துவிட்டு, சமமாகும்வரை சீனி. பிறகு சமமாகும்வரை மா. முட்டை பெரிதோ சிறிதோ, எல்லாம் அதன் எடைக்கே வந்துவிடும். அந்த நாலு முட்டைக் கணக்குக்கு மலையில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், மூன்று மேசைக்கரண்டி பால். ஐரோப்பாவில் பல தலைமுறைகளாக இந்தச் சமஎடைக் கேக்கைச் செய்துவருகிறார்கள். கிராம் என்ற சொல்லே தெரியாமல் செய்யக்கூடிய கேக் இது. எனக்கு இதைவிடப் பிடித்த செய்முறை வேறில்லை.

கேள்வி: பானைக்குள் எத்தனை பாகை சூடு என்று எப்படித் தெரியும்?
(டிக்கோயா வாசகர்)

பதில்: சீனியையும் மாவையும் கேளுங்கள். சீனி 186 பாகை அளவில் உருகும். ஒரு தேக்கரண்டி சீனியை அலுமினியத் தாளில் வைத்து, கேக் வைக்கப்போகும் அதே இடத்தில் கால் மணித்தியாலம் வையுங்கள். உருகிவிட்டால் கேக்குக்குச் சூடு அதிகம், மேல்தணலில் கொஞ்சம் எடுங்கள். சீனி அப்படியே இருந்தால் மாவைப் போடுங்கள். ஒரு தட்டில் மெல்லியதாகத் தூவி ஐந்து நிமிடம். பொன்னிறமானால் கேக் வைக்கலாம். வெளுப்பு மாறவேயில்லை என்றால் தணல் போதாது. கரும்பழுப்பானால் கேக்குக்கு ஆகாது. பணிஸ் சுடுகிறவர்களுக்கு அதுவே சரியான சூடு.

கேள்வி: பீட்டர் இல்லாமல் முட்டை நுரைக்குமா?
(லிந்துலை வாசகி)

பதில்: மோர் கடையும் மத்து எதற்கு இருக்கிறது? உயரமான, குறுகிய பாத்திரத்தில் மத்தைக் கயிறு போட்டோ உள்ளங்கையால் உருட்டியோ கடையுங்கள். மத்து இல்லையென்றால் மூன்று முள்ளுக்கரண்டியை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டுங்கள். ஐரோப்பியச் சமையலறைகளிலும் கம்பி வருவதற்கு முன் பட்டை உரித்த குச்சிகளைக் கட்டாகக் கட்டித்தான் அடித்தார்கள். கொய்யாக் குச்சி நல்லது. பாத்திரத்தில் துளி எண்ணெய்கூட இருக்கக்கூடாது. வெள்ளைக்கருவில் மஞ்சள்கரு கலந்தாலும் நுரை எழும்பாது.

கேள்வி: மா அரிக்கும் அரிதட்டு கிழிந்துவிட்டது. நுளம்பு வலைத் துண்டைக் கட்டிக்கொள்ளலாமா?
(டயகம வாசகி)

பதில்: வேண்டாம். பல வலைகளில் நுளம்பு கொல்லும் மருந்து ஊறியிருக்கிறது. பழைய வெள்ளை வேட்டித் துண்டை அவித்துக் காயவைத்து, அடி வெட்டிய டின்னின் வாயில் இழுத்துக் கட்டுங்கள். மெல்லத் தட்டினால் மா இறங்கும்.

கேள்வி: கரட் மலிவாக இருக்கும்போது கரட் கேக் சுட ஆசை. துருவி இல்லை.
(கந்தப்பளை வாசகி)

பதில்: கரட் விளையும் ஊரில் இருந்துகொண்டு ஆசையோடு நிறுத்தாதீர்கள். கட்டிப்பால் டின் ஒன்றின் இரு மூடியையும் எடுத்து, உடலை நெடுக வெட்டித் தட்டையாக்குங்கள். பலகையில் வைத்து, ஆணியால் வரிசையாகக் குத்துங்கள். மறுபக்கம் எழும்பும் கூர்தான் துருவும் பல். கூர் மேலே பார்க்கும்படி ஓரத்தை ஒரு மரச்சட்டத்தில் மடித்து அடித்துவிட்டால் முடிந்தது. டின் வெட்டும்போது கையில் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும் குறட்டால் மடித்துவிடுங்கள். பாவித்ததும் கழுவித் துடைத்து அடுப்புப் பக்கம் காயவையுங்கள். துரு பிடித்த நாளில் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்யுங்கள்.

கேள்வி: ரொட்டி தட்டுவதும் கேக் சுடுவதும் பெண்கள் காரியம். பழைய டின்னைத் தட்டி நெளிப்பதற்கு ஒரு பத்திரிகைப் பக்கமா?
(வட்டவளை வாசகர்)

பதில்: ஐயா, இந்த மலைநாட்டின் தொழிலே தட்டி நெளித்த சாமானில் தொடங்கியதுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது அங்கே தொழிற்சாலை என்று ஒன்றில்லை. அவருடைய பங்களா விறாந்தையில் மேசைகளைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி, கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரித்தணல் போட்டு, மேலே கம்பித் தட்டுகளில் பரப்பித்தான் உலர்த்தினார்கள். 1872இல்தான் முறையான தொழிற்சாலை வந்தது. மறுவருடம் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போனது. உருட்டிய கைகள் யாருடையவை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் கம்பித் தட்டும் இன்று நாம் பானைக்குள் வைக்கும் கம்பி வளையமும் செய்யும் வேலை ஒன்றே. தணலுக்கும் பண்டத்துக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விடுவது. பெண்கள் காரியம் என்கிறீர்கள். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்ணுக்கு இந்தக் கம்பியை வளைத்துக் கொடுக்க ஒரு கை கிடைத்தால் கேக் சீக்கிரம் வேகும். குறடு உங்கள் வீட்டில் இருக்கும்தானே?

கேள்வி: மழையாக இருக்கிறது. பானைப் போறணையைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? குளிருக்கும் இதமாக இருக்கும்.
(அக்கரப்பத்தனை வாசகி)

பதில்: கூடாது அக்கா. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. கரித்தணல் விடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் தலைவலியும் மயக்கமும் வரும். தூக்கத்திலேயே உயிர் போகும். புகை தெரியாத தணல்தான் ஆபத்தில்லாதது என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது தவறு. இஸ்தோப்பில் காற்று ஓடும் இடத்தில் வையுங்கள், அல்லது கதவும் ஜன்னலும் திறந்த அடுப்படியில். வேலை முடிந்ததும் மேல்தணலைத் தகர வாளியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி அணைத்து வெளியே வையுங்கள். ஒரே கூரையின்கீழ் பத்துக் குடும்பம் இருக்கும் லயத்தில் ஒரு தணல் துண்டு ஒரு வீட்டோடு நிற்காது.

கேள்வி: பிஸ்கட் அச்சு?
(பூண்டுலோயா வாசகி)

பதில்: முறுக்கு உரல்! நட்சத்திர வில்லையைப் போட்டு, பட்டர் பிஸ்கட் மாவை நிரப்பி, எண்ணெய் தடவிய தட்டில் பிழிந்து விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். கடை பிஸ்கட்டின் வரிகள் அப்படியே விழும். வட்ட பிஸ்கட்டுக்கு இரு பக்கமும் திறந்த கட்டிப்பால் டின், சின்ன வட்டத்துக்குப் போத்தல் மூடி. மாவை உருட்டித் தட்டையாக்க வெறும் கண்ணாடிப் போத்தல் போதும், லேபிளை ஊறவைத்துச் சுரண்டிவிட்டு.

கேள்வி: ஐசிங்கில் பூப்போட்டுப் பெயர் எழுத வேண்டும். மகனுக்கு முதல் பிறந்தநாள்.
(இராகலை வாசகி)

பதில்: மகன் நூறாண்டு வாழட்டும். தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை மட்டும் வெட்டி எடுங்கள். தடித்த புதிய பொலித்தீன் பையின் ஒரு மூலையை வெட்டி, அந்த ஓட்டையைக் கழுத்துக்குள்ளால் வெளியே இழுத்து, விளிம்பில் மடித்து, மூடியைத் திருகி இறுக்குங்கள். மூடியின் நடுவில் கூரிய கத்தியால் நட்சத்திரம் வெட்டுங்கள். பை பிடிக்கும், மூடி பூப்போடும். வேறு பூ வேண்டுமென்றால் வேறு மூடி. பெயர் எழுத ஒயில் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி நுனியை ஊசி அளவு வெட்டுங்கள். சூடான எதையும் இந்தப் போத்தலில் ஊற்றாதீர்கள், 70 பாகை தாண்டினாலே அந்தப் பிளாஸ்டிக் நெளியத் தொடங்கும்.

கேள்வி: ஆச்சி ரிச் கேக்குக்கு டின்னுக்குள் பழைய பத்திரிகையைப் போடச் சொல்கிறார். மை ஒட்டாதா? தீப்பிடிக்காதா?
(புசல்லாவை வாசகி)

பதில்: ஆச்சி சொல்வது சரி, பாதியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். பத்திரிகை டின்னோடு ஒட்டி இருக்கும், அதன்மேல் இரண்டு அடுக்கு ஒயில் பேப்பர், அதற்குள் கேக். கேக்கை மை தொடாது. ரவையும் கஜுவும் பிளம்ஸும் போட்ட அந்தக் கேக் 150 பாகைக்கும் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் வேக வேண்டும். பத்திரிகை அடுக்கு இல்லையென்றால் உள்ளே வேகும் முன் ஓரம் கரிந்துவிடும். அந்தச் சூட்டில் கடதாசி தீப்பிடிக்காது. ஆனால் டின்னின் விளிம்புக்கு மேலே கடதாசி நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. பானைப் போறணையில் மூடியின் தணலுக்கு அது பக்கம். ஒயில் பேப்பர் கிடைக்காவிட்டால், சாதாரணக் கேக்குக்குத் தீயில் வாட்டிய வாழையிலை நல்ல மாற்று.

கேள்வி: ஈஸ்ட் போட்டுப் பணிஸ் மா குழைத்தால் இந்தக் குளிரில் எழும்பவே மாட்டேன் என்கிறது.
(நானுஓயா வாசகி)

பதில்: ஈஸ்ட்டுக்குப் பிடித்தது 25 முதல் 30 பாகை. உங்கள் பக்கத்தில் வருடச் சராசரியே 16 பாகைதான். மீன் வராத, மருந்து வராத சுத்தமான ரெஜிபோம் பெட்டி ஒன்று தேடுங்கள். உள்ளே ஒரு கோப்பைச் சுடுதண்ணீர், பக்கத்தில் மா இருக்கும் பாத்திரம், மேலே மூடி. தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். மாவைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் முட்ட வைக்காதீர்கள், 60 பாகையில் ஈஸ்ட் செத்துவிடும். மழை விடாத நாட்களில் இரவே குழைத்து, குளிரில் மெல்ல எழும்பவிட்டுக் காலையில் சுடுங்கள். ருசி இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் சூரிய அடுப்பு செய்து கேக் சுடலாம் என்று பாடசாலையில் சொன்னார்கள்.
(நுவரெலியா மாணவன்)

பதில்: 1767இல் சுவிற்சர்லாந்தின் ஒராஸ் த சொசூர் கண்ணாடி அடுக்கிய பெட்டி ஒன்றைச் செய்து வெயிலில் வைத்து, தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டினார். பிரதிபலிக்கும் அலுமினியத் தாள் பொருத்தினால் இன்னும் ஏறும். பெப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிந்த ஒரு நடுப்பகலில் செய்து பார் தம்பி, முதலில் முட்டை அவித்துப் பார். மூடுபனி இறங்கும் மாதங்களில் நம்பி மா குழைக்காதே. அலுமினியத் தாள் கண்ணைக் கூச வைக்கும், நேராகப் பார்க்காதே.

கேள்வி: அயல் வீடுகளில் கேட்கிறார்கள். விற்கத் தொடங்கலாமா? எதை முதலில் வாங்குவது?
(கினிகத்தேனை வாசகி)

பதில்: தொடங்குங்கள். விற்பனை என்று வந்ததும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே போய்ப் பாருங்கள். இடத்தைக் காட்டி, என்ன மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். பழைய டின்களை அன்றோடு ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு ஒயில் பேப்பர் போட்டுச் சமாளித்தது சரி, காசு கொடுத்து வாங்குபவர் பிள்ளைக்கு அது போதாது. சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரம் மட்டும்.

முதல் இலாபத்தில் போறணை வாங்காதீர்கள். டிஜிட்டல் தராசு வாங்குங்கள். அதன் விலை போறணை விலையில் ஒரு சிறு பங்குதான். வாராவாரம் ஒரே கேக் ஒரே ருசியில் வந்தால்தான் கேட்டவர் திரும்பக் கேட்பார், அதை எடை கொடுக்கும். ஒரு கேக்குக்கு எவ்வளவு செலவாகிறது என்பதும் தராசு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். விறகுக்கும் உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போட மறக்காதீர்கள். பெண்கள் விற்கும் பண்டத்தில் எப்போதும் விடுபடும் கணக்கு அதுதான்.

கேள்வி: நடுவில் ஜாம் தடவ, கேக்கைச் சமமாக இரண்டு தட்டாக வெட்டத் தெரியவில்லை. கத்தி கோணிக்கொண்டு போகிறது.
(ஹட்டன் வாசகி)

பதில்: கத்தியை வையுங்கள், தையல் நூலை எடுங்கள். கேக் முழுக்க ஆறட்டும். சுற்றிலும் பாதி உயரத்தில் பல்லுக்குச்சிகளை ஒரே மட்டத்தில் குத்துங்கள். நூலை அந்தக் குச்சிகளின்மேல் படியும்படி கேக்கைச் சுற்றிப் போட்டு, முன்பக்கம் இரு முனையையும் குறுக்கே மாற்றிப் பிடித்து மெல்ல இழுங்கள். நூல் உள்ளே வெட்டிக்கொண்டே வரும். மேல்தட்டைத் தூக்க ஒரு கடின அட்டையை நடுவில் செருகுங்கள், பிறகு ஜாம்.